வைகாசியில் வா

அன்பு மகளுக்கு, சித்தி எழுதுவது.

நீ அனுப்பிய குரல்பதிவைக் கேட்டேன். கனடாவில், நான் இருக்கும் வின்னிபெக்கிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை வந்திருக்கிறது, அந்தக் குளிர் தாங்குமா, வரலாமா என்று கேட்டிருக்கிறாய். போனில் பேசினால் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அழுவாள், உனக்கும் எனக்கும் பேச்சு ஓடாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஊரில் எல்லாரும் முதலில் கேட்பது குளிரைத்தான். சங்கரன்கோவிலில் மார்கழி விடியலில் இருபது டிகிரிக்கு வந்தாலே தலையில் துண்டைச் சுற்றிக்கொள்கிறோம். இங்கே ஜனவரியின் சராசரியே மைனஸ் 16. மைனஸ் 30 வரை இறங்கும் நாட்களும் வரும். காற்றும் சேர்ந்து மைனஸ் 40 போல உறைத்தால், மூடாத தோல் பத்து நிமிடத்துக்குள் உறைந்து புண்ணாகும். மூச்சை இழுத்தால் மூக்குக்குள் மயிர் ஒட்டிக்கொள்ளும். கார் நிறுத்துமிடங்களில் மின்சார பிளக் வைத்திருப்பார்கள். இரவெல்லாம் எஞ்சினைச் சூடாக வைத்தால்தான் காலையில் வண்டி கிளம்பும். வீட்டுக்குள்ளேயே தேங்காய் எண்ணெய் குளிர்காலம் முழுக்க உறைந்தே கிடக்கும்.

இருந்தாலும் குளிருக்காக உன்னை நான் தடுக்க மாட்டேன். வீடும் பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் சூடாக இருக்கும். ஊர் நடுவில் கட்டடத்துக்குக் கட்டடம் மூடிய மேல்நடைபாதை போட்டிருக்கிறார்கள். நல்ல கோட்டும் பூட்ஸும் உள்ளுக்குக் கம்பளியும் இருந்தால் உடம்பு பழகிவிடும். சென்னையிலோ நெல்லையிலோ கோட்டு வாங்கிப் பணத்தை வீணாக்காதே, அது இந்தக் குளிருக்கு ஆகாது. குளிரைவிட என்னை வாட்டியது இருட்டு. டிசம்பரில் எட்டரை மணிவாக்கில்தான் சூரியன் வரும், மாலை நாலரைக்குப் போய்விடும். நைட் டியூட்டி பார்க்கிற பெண்கள் நாள்கணக்கில் வெயிலே பார்க்காமல் இருப்பார்கள். நவம்பரில் பனி புதிது, டிசம்பரில் ஊரெல்லாம் விளக்கு. பிப்ரவரியில்தான் ஆள் உடைவது. தரையில் பனி கிடக்கும், ஏப்ரல் தொலைவில் இருக்கும், வேலை முடிந்து அறைக்கு வந்தால் பேச யாரும் இருக்கமாட்டார்கள். நான் பார்த்தவரை, திரும்பிப் போனவர்களில் பெரும்பாலோர் அந்த மாதத்தில்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய ஆஃபர் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் உன் வேலை ‘ஹெல்த் கேர் எய்டு’ என்று போட்டிருக்கிறது. நீ நாலு வருடம் பி.எஸ்சி. நர்சிங் படித்தவள், திருநெல்வேலியில் ஐ.சி.யு.வில் நிற்கிறவள். எய்டு என்றால் முதியவர்களைக் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது. நான் வேலை செய்யும் மருத்துவமனைச் சமையற்கூடத்திலிருந்து தினமும் அவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் இல்லாமல் ஒரு வார்டும் நடக்காது, அந்த வேலையில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் அது நீ படித்த வேலை இல்லை. இங்கே, மானிட்டோபா மாகாணத்தில், நர்ஸ் என்று வேலை பார்க்க மானிட்டோபா பதிவு செவிலியர் கல்லூரியில் பதிவு வேண்டும். கல்லூரி என்றுதான் பெயர், வகுப்பு எதுவும் கிடையாது. நம் நர்சிங் கவுன்சில் மாதிரி. அவர்கள் உன் படிப்பைச் சரிபார்ப்பார்கள், ஆங்கிலத் தேர்வு கேட்பார்கள், என்க்ளெக்ஸ் தேர்வு எழுதச் சொல்வார்கள். அமெரிக்காவின் அந்தத் தேர்வைத்தான் 2015 முதல் கனடாவும் வைத்திருக்கிறது. அதை இந்தியாவிலிருந்தே எழுதலாம்.

அண்மைக் காலத்தில் நர்ஸாகவே வேலை பார்த்திருக்கிறாயா என்றும் பார்ப்பார்கள். எய்டாக வேலை பார்த்த நேரம் அந்தக் கணக்கில் சேராது. முதலில் எய்டாகப் போய்விடுவோம், அப்புறம் படித்துப் பதிவு வாங்குவோம் என்று வந்த கேரளத்துப் பெண்களும் பிலிப்பைன்ஸ் பெண்களும் எனக்குத் தெரியும். சிலர் சாதித்தார்கள். பலருக்கு இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து புத்தகத்தைத் திறக்க முடியவில்லை. வருடம் கூடக் கூடப் பதிவு எட்டிப் போனது. ஊரில் உனக்குச் சம்பளம் குறைவுதான், ஆனால் அக்கா கையால் சாப்பாடு இருக்கிறது, படிக்க ஒரு மேஜை இருக்கிறது.

அடுத்தது ஏஜென்ட். அவன் லட்சக்கணக்கில் கேட்கிறான், அத்தான் தறிக்கூடத்தை அடமானம் வைக்க ஒத்துக்கொண்டார் என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்களிடம் ஆள் சேர்ப்பதற்காக ஒரு காசும் வாங்கக் கூடாது என்று மானிட்டோபாவில் சட்டம் இருக்கிறது. 2009 முதல் நடைமுறையில் உள்ளது. நம் நாட்டிலும் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் வரியும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். அவனுடைய பதிவு எண்ணைக் கேள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாடு அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் விசாரி. எண்ணைச் சொல்லத் தயங்கினால் அன்றோடு அவனை விட்டுவிடு.

கடனை ஏன் இவ்வளவு சொல்கிறேன் தெரியுமா? இப்படி வருகிற வொர்க் பெர்மிட் பெரும்பாலும் அந்த ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. வேறு இடத்தில் வேலை பார்க்க வேண்டுமானால் புதிதாக பெர்மிட் வாங்க வேண்டும். கூடுதல் ஷிப்ட்டுக்கு மறுத்துப் பேசவோ, இடுப்பு வலிக்கிறது என்று சொல்லவோ, போதும் என்று ஊருக்குத் திரும்பவோ உனக்கு வாய் வேண்டும். ஊரில் தறிக்கூடம் அடமானத்தில் இருந்தால் அந்த வாய் அடைத்துப்போகும். அத்தான் தறியை வைத்துத்தான் உன்னைப் படிக்க வைத்தார். அதை விட்டுவிடாதே.

ஆறு மாதத்தில் பி.ஆர்., அதாவது இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, கிடைக்கும் என்று ஏஜென்ட் சொன்னதையும் நம்பாதே. மாகாணம் தானே ஆளைத் தேர்ந்தெடுக்கும் திட்டம் இங்கே 1998இல் தொடங்கியது. இந்த ஊர் வளர்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இப்போது வாசல் குறுகியிருக்கிறது. 2024க்கு 4,85,000 பேர் என்று வைத்திருந்த நிரந்தரக் குடியேற்ற இலக்கை 2025க்கு 3,95,000 ஆகக் குறைத்தார்கள். நெரிசல் கூடும்போது பதிவு பெற்ற நர்ஸாக வருகிறவளுக்கு இடம் எளிது.

இதெல்லாம் காகிதம். இனிச் சொல்வதை அக்காவிடம் படித்துக் காட்டாதே.

குளிர்காலத்தில் இந்த ஊருக்கும் நம் ஊருக்கும் பதினொன்றரை மணி நேரம் வித்தியாசம். அக்கா காலையில் கோமதி அம்மன் சன்னதிக்குப் போய்விட்டு வந்து போன் எடுக்கும்போது இங்கே முந்தின நாள் இரவு. பேசிக்கொள்ளலாம், அது கஷ்டமில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று செய்தி வந்தால்தான் கஷ்டம். வின்னிபெக்கிலிருந்து நம் பக்கத்துக்கு நேர் விமானம் கிடையாது. மாறி மாறி, அதன் பிறகு மதுரையிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ காரில் வந்து சேர இரண்டு நாள் ஆகிவிடும். உயிர் போய்விட்டால் நம் ஊரில் அன்றைக்கே, மிஞ்சினால் மறுநாள், எடுத்துவிடுவார்கள். உன் தாத்தா போனபோது நான் வந்து இறங்கியது காடாற்று முடிந்த பிறகு. இது எல்லாருக்கும் நடக்கும் என்று சொல்லவில்லை. நீ ஒரே மகள். இதை யோசித்துப் பார்த்து, அக்காவோடும் அத்தானோடும் மனம்விட்டுப் பேசி, யார் பக்கத்தில் இருந்து அவர்களைப் பார்ப்பார்கள் என்று தீர்மானித்துவிட்டுக் கிளம்பு.

இவ்வளவு சொல்கிறாளே, சித்திக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை போல என்று நினைக்காதே. எனக்குப் பிடித்த ஊர். ஊருக்கு வெளியே போனால் கோவில்பட்டிப் பக்கம் மாதிரியே மேடு பள்ளம் இல்லாத கறுப்பு மண். மழை பெய்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். பனியுகம் முடிந்தபோது இங்கே கிடந்த பெரிய ஏரியின் அடிமண் அது. அதில் கோதுமையும் கனோலாவும் விளைகிறது. பக்கத்து மாகாணத்திலிருந்து மைசூர்ப் பருப்பு இந்தியாவுக்கே கப்பலேறுகிறது. 1960களின் கடைசியில் இங்கேயிருந்த தையல் ஆலைகளுக்காக பிலிப்பைன்ஸிலிருந்து பெண்களைக் கூட்டி வந்தார்கள். தனியாக வந்த அந்தப் பெண்கள் தங்கைகளை, தாய்மார்களை அழைத்தார்கள். இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவர்கள் பேச்சு காதில் விழும். நர்ஸை டாக்டர் அதட்டி நான் இங்கே பார்த்ததில்லை. சம்பளம் நேரத்துக்கு வரும். நடுராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் தனியாக வரும் பெண்ணை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். உனக்கு இவையெல்லாம் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அதனால் என் முடிவைக் கேட்டால், இந்த ஆஃபரை விட்டுவிடு. முன்பணம் எதுவும் கொடுக்காதே, பாஸ்போர்ட்டை ஏஜென்டிடம் விட்டு வைக்காதே. இந்த வருடம் ஆங்கிலத் தேர்வை முடி, கல்லூரியின் பதிவுக்கு விண்ணப்பி, என்க்ளெக்ஸ் எழுது. அந்தத் தேர்வுக் கட்டணத்தை நான் தருகிறேன், அத்தானிடம் கேட்காதே. பதிவு கையில் வந்ததும் இங்கேயுள்ள ஆஸ்பத்திரிகளுக்கு நீயே நேரடியாக எழுதலாம், யாருடைய தயவும் வேண்டாம். வருவதானால் வைகாசியில் வா. பனி வருவதற்குள் நாலைந்து மாதம் வெயில் கிடைக்கும், பஸ் தடங்களும் தெருக்களும் பழகிவிடும், கோட்டை நிதானமாகத் தேடி வாங்கலாம். முதல் குளிர்காலம் முழுக்க என் வீட்டில் இரு. மாடியறையை உனக்கு ஒதுக்குகிறேன், வாடகை பேச்சே வேண்டாம்.

அந்த ஆஃபர் கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் மறுபடி படம் எடுத்து அனுப்பு. மூன்றாம் பக்கம் சரியாக விழவில்லை.

அன்புடன்,
சித்தி