‘டெசிஜுவஸ்’: ஒரு சொல்லும் நம் ரப்பர் மரமும்

ஆங்கிலத் தாவரவியல் நூல்களில் அடிக்கடி வரும் சொல் ‘டெசிஜுவஸ்’. தமிழில் ‘இலையுதிர்’ என்கிறோம். நம் மாணவர் பலருக்கு இச்சொல்லைக் கேட்டவுடன் மேப்பிள் மரமும் பனியும்தான் நினைவுக்கு வரும். சொல்லின் பிறப்போ வேறு கதை சொல்கிறது.

லத்தீனில் ‘டே’ என்றால் கீழ்நோக்கி; ‘காதெரே’ என்றால் விழுதல். இரண்டும் சேர்ந்து பிறந்த சொல் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ஆக்சிடெண்ட்’ என்பதும் அதே வேரில் கிளைத்ததே. ஆக, இதில் குளிரும் இல்லை, பருவமும் இல்லை. விழுதல் மட்டுமே உண்டு. அதனால்தான் மானின் கொம்புக்கும் குழந்தையின் பால்பல்லுக்கும்கூட இந்த அடைமொழியே வழங்குகிறது. தமிழ் இன்னும் நுணுக்கமானது: பல் விழும், இலை உதிரும்.

எதிர்ச்சொல்லான ‘எவர்க்ரீன்’ மரமும் இலையை உதிர்க்கத்தான் செய்கிறது. ஒரே சமயத்தில் மொட்டையாவதில்லை, அவ்வளவே. ‘பசுமைமாறா’ என்று பெயரிட்டவரைப் பாராட்ட வேண்டும். ‘உதிரா’ என்று சொல்லியிருந்தால் பிழையாகியிருக்கும்.

குளிரே இல்லாத நம் நாட்டில் ‘டெசிஜுவஸ்’ மரத்துக்குச் சான்று வேண்டுமா? ரப்பர் மரம் இருக்கிறது. அமேசான் காட்டிலிருந்து வந்த இம்மரம், சிலாங்கூர்ப் பகுதியில் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வறட்சியில் இலைகளைக் கொட்டிவிடும். வெள்ளைக்காரத் துரைமார் இதை ‘விண்டரிங்’ என்றார்கள். குளிர்காலமே இல்லாத ஊரில் குளிர்காலம்! தமிழரின் ஆறு பருவங்களிலும் இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. நம் கணக்கில் அது மாசி மாதம், பின்பனி.

உதிர்ந்த மரம் சேமித்த உணவையெல்லாம் புதுத்தளிருக்குச் செலவிடும். பால் குறையும். வெட்டிய பாலின் எடைக்கேற்பக் கூலி வாங்கிய நம் தாத்தா பாட்டிமாருக்கு, தரையில் கிடந்த சருகு கைக்கு வரும் காசின் கணக்கு. அகராதி பார்க்காமலேயே இச்சொல்லின் பொருளை அறிந்தவர்கள் அவர்கள்.

1960களிலிருந்து தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. செம்பனை ஒருசேர உதிர்வதில்லை. கிள்ளான், காப்பார் வட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இருந்த நிலத்தில் இன்று குவாசா டாமன்சாரா நகரம் எழுகிறது. மரத்தோடு அந்த மாதங்களுக்குத் தோட்ட மக்கள் வழங்கிய பேச்சும் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அக்காலத்தை என்ன சொல்லி அழைத்தார்கள்? இந்த விடுமுறையில் கேட்டு எழுதி வையுங்கள். நம் பாடநூல்களிலும் மேப்பிளுக்கு முன்னால் ரப்பர் மரம் வரட்டும்.