சர்வர் சாகவில்லை, ஃபார்மேட் போடாதீர்கள்

இரவு பதினோரு மணிக்கு மேல் பழைய சகா ஒருவனிடமிருந்து போன். "அண்ணா, அப்கிரேடு போட்டேன். சர்வர் செத்துப்போச்சு."

வீட்டு மூலையில் ஒரு பழைய கணினி. அதில் வியன்னாவிலிருந்து வரும் பிராக்ஸ்மாக்ஸ் என்ற மெய்நிகராக்க மென்பொருள். அதற்குள் குடும்பப் படங்களுக்கு ஒன்று, விளக்கு, மின்விசிறிக்கு ஒன்று, விளம்பரம் தடுக்கும் பை-ஹோலுக்கு ஒன்று என்று விஎம்கள், அதாவது மெய்நிகர் கணினிகள். பை-ஹோல் படுத்தால் வீட்டு இணையமும் சேர்ந்து படுத்துவிடும்; மருந்தைத் தேடவும் வழியிருக்காது. போனில் மொபைல் டேட்டாவை ஆன் செய்துகொண்டு மேலே படியுங்கள்.

நம்பிக்கை: பிரௌசரில் பக்கம் திறக்கவில்லை என்றால் சர்வர் போய்விட்டது.

8006ஆம் போர்ட்டில் பக்கம் வரவில்லையா, முதலில் ஒரு மானிட்டரையும் கீபோர்டையும் கொண்டுபோய்ச் செருகுங்கள். பல நேரம் லாகின் வரி சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். நெட்வொர்க் கார்டின் பெயர் மாறியிருக்கும், அவ்வளவுதான். கார்டு செருகியிருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் லினக்ஸ் அதற்குப் பெயர் வைக்கிறது. கர்னல் மாறினாலோ, பக்கத்தில் இன்னொரு கார்டைச் செருகினாலோ, நேற்று 'ஈஎன்பி3எஸ்0' என்றிருந்தது இன்று 'ஈஎன்பி4எஸ்0' ஆகிவிடலாம். விஎம்களை வெளியே இணைக்கும் பிரிட்ஜோ பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருக்கும். நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் இரண்டு இடத்தில் பெயரைத் திருத்தினால் வேலை முடிந்தது. இதற்காக ஒரு சர்வரையே அழித்தவர்களை எனக்குத் தெரியும்.

நம்பிக்கை: பூட் ஆகவில்லை, ஆகவே மறுபடி இன்ஸ்டால்தான்.

அப்கிரேடு பழைய கர்னலை உடனே தூக்கி எறிவதில்லை. பூட் மெனுவின் இரண்டாம் பக்கத்தில் அது இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், பிரச்சினை தீரும்வரை அதையே நிரந்தரமாகப் பொருத்தி வைக்கலாம். இன்னொரு பயமுறுத்தல் உண்டு. 'எல்விஎம்ஐடி' என்று தொடங்கி, டிஸ்க் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு, பூட் லோடரான கிரப் நின்றுவிடும். டிஸ்க்கே எரிந்துவிட்டதோ என்று வயிற்றைக் கலக்கும். டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. டிஸ்க்கை வால்யூம்களாகப் பிரித்துத் தரும் எல்விஎம் தன் குறிப்பேட்டை ஒரு வட்டமான இடத்தில் சுற்றிச் சுற்றி எழுதுகிறது. குறிப்பு கடைசியில் தொடங்கி முதலில் வந்து முடிந்தால் பழைய கிரப்புக்குப் படிக்கத் தெரியாது. பென்டிரைவில் பூட் செய்து, 4 எம்பிக்கு ஒரு வெற்று வால்யூமை உருவாக்குங்கள். குறிப்பேடு புதிதாக எழுதப்படும். கிரப்பும் வழிக்கு வரும். உள்ளே போன பிறகு புதிய கிரப்பை ஒழுங்காக நிறுவிவிடுங்கள்.

நம்பிக்கை: விஎம் அமைப்புக் கோப்புகள் இருந்த ஃபோல்டர் காலி. எல்லாம் போச்சு.

அந்தப் பழைய சகா, தம்பி, எனக்கு போன் செய்ததே இதற்காகத்தான். பென்டிரைவில் பூட் செய்து பழைய டிஸ்க்கைத் திறந்திருக்கிறான். 'ஈடிசி'க்குள் 'பிவிஇ' என்ற ஃபோல்டர் இருக்கிறது. உள்ளே ஒரு கோப்புகூட இல்லை. அழாத குறை.

அது எப்போதுமே காலிதான். பிராக்ஸ்மாக்ஸ் ஓடும்போது மட்டும் அங்கே கோப்புகள் இருப்பதுபோல் காட்டப்படும். உண்மையான சரக்கு 'வார்' அடைவில், 'லிப்' என்பதற்குள், 'பிவிஇ-கிளஸ்டர்' என்ற இடத்தில் 'கான்ஃபிக் டாட் டிபி' என்ற ஒரே எஸ்க்யூலைட் கோப்பாகப் படுத்திருக்கிறது. எல்லா விஎம்களின் அமைப்பும், ஸ்டோரேஜ் பட்டியலும், பயனர்களும் அதற்குள்தான். முதல் வேலையாக அதை ஒரு பென்டிரைவுக்கு நகல் எடுக்கச் சொன்னேன். புதிதாக நிறுவ வேண்டிவந்தாலும், கிளஸ்டர் சர்வீஸை நிறுத்தி, இந்தக் கோப்பை அதே இடத்தில் வைத்து, சர்வீஸை மறுபடி கிளப்பினால் விஎம்கள் வரிசையாக வந்து நிற்கும். ஆனால் புதிய நிறுவலுக்கும் பழைய ஹோஸ்ட்நேமையே வைக்க வேண்டும். வேறு பெயர் வைத்தால் விஎம்கள் எல்லாம் ஊரில் இல்லாத ஒரு பழைய சர்வரின் பெயரில் நிற்கும்.

அந்தக் கோப்பே கெட்டுப்போனாலும் கதை முடியாது. விஎம் டிஸ்க்குகள் 'விஎம்-101-டிஸ்க்-0' என்ற மாதிரி தங்கள் எண்ணைப் பெயரிலேயே சுமக்கின்றன. அமைப்புக் கோப்பு சில வரி எழுத்துதான், கையால் எழுதிவிடலாம்.

நம்பிக்கை: மறு இன்ஸ்டால் சிஸ்டத்தை மட்டும்தான் மாற்றும்.

இந்த ஒரு நம்பிக்கைதான் ஆளைக் கவிழ்க்கும். தேர்ந்தெடுத்த டிஸ்க்கை இன்ஸ்டாலர் முழுசாகத் துடைத்துவிடும். வழக்கமான நிறுவலில் விஎம்களும் அதே டிஸ்க்கில்தான் குடியிருக்கின்றன. தரவு தனி டிஸ்க்கில் இருந்தால் அதன் கேபிளைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். ஒரே டிஸ்க் என்றால் புதிதாக இன்னொன்றை வாங்கி அதில் நிறுவுங்கள். பழையதைத் தொடவே வேண்டாம்.

நம்பிக்கை: ரெய்டு இருக்கிறது, ஸ்நாப்ஷாட் இருக்கிறது, பேக்கப்பும் இருக்கிறது.

ரெய்டு உங்கள் தவறையும் இரண்டு டிஸ்க்கில் பத்திரமாக எழுதிவைக்கும். ஸ்நாப்ஷாட் அதே டிஸ்க்கில் இருக்கிறது. பேக்கப்பையும், வேறு இடம் சொல்லாவிட்டால், அதே டிஸ்க்கில் எழுதிவிட வாய்ப்பு அதிகம். அதிலும் விஎம்கள்தான் இருக்கும், சர்வரின் சொந்த அமைப்புகள் இருக்காது.

நம்பிக்கை: அப்டேட் போடுவதெல்லாம் ஒன்றுதான்.

பிராக்ஸ்மாக்ஸின் 8ஆம் பதிப்பு டெபியன் 12ஐயும், 9ஆம் பதிப்பு டெபியன் 13ஐயும் அடித்தளமாகக் கொண்டவை. அடித்தளமே மாறுகிறது, 7இலிருந்து 9க்குத் தாவவும் முடியாது. ரெப்பாசிட்டரிகளில் பாதி பழையது, பாதி புதியது என்று விட்டால், பிராக்ஸ்மாக்ஸையே நீக்கிவிடலாமா என்று பேக்கேஜ்களை நிர்வகிக்கும் 'ஆப்ட்' யோசிக்க ஆரம்பிக்கும். அப்போது ஒரு காவல் நிரல் குறுக்கே வந்து, நிஜமாகவே நீக்க வேண்டுமானால் 'தயவுசெய்து பிராக்ஸ்மாக்ஸை நீக்கு' என்ற பொருள்படும் பெயரில் ஒரு கோப்பை உருவாக்கச் சொல்லும். இத்தனை மரியாதையான எச்சரிக்கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதையும் தீர்வு என்று நினைத்து அந்தக் கோப்பை உருவாக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

தம்பி மாட்டியது இதிலல்ல. பிரௌசருக்குள் இருக்கும் ஷெல்லில் அப்கிரேடை ஓட்டியிருக்கிறான். பாதி வழியில் அந்தப் பக்கத்தைத் தரும் சர்வீஸே புதுப்பிக்கப்பட, ஜன்னல் மூடிக்கொண்டது. வேலை அந்தரத்தில் நின்றது. பென்டிரைவைக் கழற்றிவிட்டு, பழைய டிஸ்க்கிலிருந்தே பூட் செய்து, மானிட்டரில் நேராக லாகின் செய்யச் சொன்னேன். பாதியில் நின்ற பேக்கேஜ்களை முடிக்கும்படி 'டிபிகேஜி'க்கு ஒரு கட்டளை, பிறகு 'டிஸ்ட்-அப்கிரேடு' இன்னொரு முறை, ஒரு ரீபூட். எதையும் மறுபடி நிறுவவில்லை. ஒன்றரை மணிக்கு பை-ஹோல் எழுந்தது. நகல் எடுத்த அந்தப் பென்டிரைவ் இன்னும் கேபினெட்டின் மேல் டேப் போட்டு ஒட்டியிருக்கிறதாம்.