நிலவறையில் ஒரு மேடை

அன்புள்ள தங்கைக்கு,

கல்லூரி நாடகக் குழுவில் எத்தனை முறை தேர்வு வைத்தாலும் அதே நாலு பேர்தான் தேறுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஏற்கெனவே மேடை பார்த்தவர்கள் அவர்கள், வேறென்ன நடக்கும்? மற்றவர்களுக்கு எப்படி வழி விடுவது என்ற உன் கேள்விக்கு, நியூயார்க்கில் 'லா மாமா' அரங்கைத் தொடங்கிய எலன் ஸ்டூவர்ட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

1919-இல் பிறந்த கறுப்பினப் பெண். நாடகம் படித்தவரல்ல. பெரிய துணிக்கடை ஒன்றில் கடைநிலை வேலைக்குச் சேர்ந்து ஆடை வடிவமைப்பாளராக உயர்ந்தவர். நாடகம் எழுதிவிட்டு அதைப் போட இடமில்லாமல் திரிந்த இளைஞர்களுக்காக, 1961-இல் கிழக்கு 9-ஆம் தெருவில் ஒரு நிலவறையை வாடகைக்குப் பிடித்தார். கறுப்பினப் பெண்ணின் வீட்டுக்கு வெள்ளை இளைஞர்கள் வந்து போகிறார்களே, விபசாரம்தான் நடக்கிறது என்று அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தார்கள். விசாரிக்க வந்த அதிகாரி முன்னாள் மேடைக் கலைஞர். காபிக் கடை உரிமம் வாங்கிக்கொண்டால் தொல்லையிருக்காது என்று அவரே வழி சொன்னார். அப்படியே நிலவறை காபிக் கடையானது. ஸ்டூவர்ட்டுக்குப் பிற்காலத்தில் கிடைத்த விருதுகளைவிட இந்த உரிமக் கதைதான் எனக்கு முக்கியம். எழுதத் துடித்தவர்கள் அந்த நகரத்தில் ஏராளம். அவர்களுக்காகப் புகாரையும் வாடகையையும் தன் தலையில் சுமக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

தையலில் சம்பாதித்ததை அரங்கத்தில் போட்டார். பார்க்க வந்தவர்களிடம் தொப்பியை நீட்டிக் காசு சேர்த்தார்கள். பிரதியைப் படித்துப் பார்த்து அவர் தேர்ந்தெடுக்கவில்லை. எதிரே நிற்கும் ஆளைப் பார்த்து, மனத்துக்குப் பிடித்தால் தேதி கொடுத்துவிடுவார். நாடகம் தொடங்குமுன் மணியடித்து வரவேற்பதும் அவரே. இப்படிச் செய்தால் சுமாரான நாடகங்களும் வரத்தான் செய்யும். வரட்டும் என்பதே என் கட்சி. தோற்றுப் பார்க்க இடம் கிடைக்காதவன் எங்கே போய்க் கற்றுக்கொள்வான்?

நீ கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஒதுக்கப்பட்டவர்களுக்கு மற்றவர்களின் நாடகத்தில் சின்ன வேடம் வாங்கித் தருவதோடு அவர் நிற்கவில்லை; அவர்களே குழு அமைக்கக் கூரை கொடுத்தார். 1972-இல் கையோவா இனத்து எழுத்தாளர் ஹானே கியோகாமா தொடங்கிய அமெரிக்கப் பழங்குடியினரின் நாடகக் குழு லா மாமாவில்தான் அரங்கேறியது. 1977-இல் ஆசிய அமெரிக்கர்களின் நாடகக் குழுவான பான் ஏசியன் ரெபர்ட்டரியை நிறுவிய டீசா சாங்கும் அங்கே வேலை செய்தவர். தற்பாலீர்ப்பாளர் வாழ்க்கையை எழுதிய ஹார்வி ஃபையர்ஸ்டைனின் 'டார்ச் சாங் டிரிலஜி' அங்கிருந்துதான் பிராட்வே வரை போனது.

1985-இல் ஸ்டூவர்ட்டுக்கு மெக்கார்தர் உதவித்தொகை கிடைத்தது. அந்தப் பணத்தில் இத்தாலியின் உம்ப்ரியாவில் பழைய மடம் ஒன்றை வாங்கிக் கலைஞர்கள் தங்கிப் பணிசெய்யும் இடமாக்கினார். கையில் காசு வந்ததும் மறுபடியும் ஓர் இடம்! 2011-இல் அவர் மறைந்த பிறகும் லா மாமா இயங்குகிறது.

ஆகவே அடுத்த பருவத்தில் தேர்வு வேண்டாம். மாதம் ஒரு மாலையைக் குறித்து, இதுவரை மேடையேறாதவர்களுக்கு மட்டும் என்று அறிவித்துவிடு. அவர்கள் என்ன போடுவார்கள் என்று முன்கூட்டிக் கேட்காதே. விளக்குக்கும் நாற்காலிக்கும் நீ பொறுப்பேற்றுக்கொள். முதல் வேலையாக, உங்கள் கருத்தரங்க அறையின் சாவி யாரிடம் இருக்கிறது, மாலையில் திறந்துவிட யாருடைய கையெழுத்து வேண்டும் என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
அண்ணன்