ஊர்ப் பயணமும் நேரக் கணக்கும்



கோடை விடுமுறையில் யாழ்ப்பாணம் செல்ல விரும்பும் நாம், லோறென்ஸ்கூக் புகையிரத நிலையத்திலிருந்தே திட்டமிடல் வேண்டும். லில்லெஸ்ட்ரோமில் வண்டி மாறிக் கார்டர்மூன் விமான நிலையத்தை அடையலாம்.

இனி நேரக் கணக்கு. இலங்கை நேரம் நோர்வே நேரத்திலும் கோடையில் மூன்றரை மணித்தியாலமும், குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலமும் முந்தியது. கோடையில் பிற்பகல் 3 மணிக்குப் புறப்படும் விமானப் பயணம் 16 மணித்தியாலம் எனக் கொள்வோம். கட்டுநாயக்காவில் இறங்கும்போது நோர்வேயில் மறுநாட் காலை 7 மணி. அங்கோ முற்பகல் 10.30. பின்னர் குடிவரவுச் சோதனை, பொதிகள், கொழும்புக் கோட்டை நிலையம் வரை வீதிப் பயணம். ஆதலால் அன்று முற்பகல் வண்டிக்கு ஆசனம் பதிதல் தகாது. வண்டிச் சேவையை விசாரித்து மறுநாளுக்கே பதிதல் நன்று. விமானச் சீட்டு வேறு, புகையிரதச் சீட்டு வேறு. ஒன்று தாமதித்தால் மற்றது காத்திராது.

1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, போரினால் 1990இல் யாழ்ப்பாணம் வருவது நின்றது. 2014 ஒக்ரோபரிலேயே மீண்டும் வந்தது. அந்த 24 ஆண்டுகளில் பேரப்பிள்ளைகளைக் காணாமலே கண்மூடிய முதியோர் பலர். இன்று நாம் தவறவிடும் ஒவ்வொரு வண்டியும் அம்மம்மாவுடன் இருக்கும் நாட்களில் ஒன்றைக் குறைத்துவிடும்.

பயிற்சி: இதே பயணத்தை மார்கழி விடுமுறையில் மேற்கொண்டால், கட்டுநாயக்காவை அடையும் நேரம் யாது?