குடியேறியோர் கட்டிய கழகம்: ரியோ நகரின் வாஸ்கோ ட காமா – ஓர் ஆய்வு

முன்னுரை

வாஸ்கோ ட காமா என்னும் பெயர் நம் கடற்கரை மக்களின் செவிக்கு இனிய பெயரன்று. 1498ஆம் ஆண்டு மே மாதம் கோழிக்கோட்டை அடைந்த அம்மாலுமி, 1502இல் இரண்டாம் முறை வந்தபோது, மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பயணிகளின் கப்பலைத் தீக்கிரையாக்கிய கொடுமையை வரலாறு மறக்கவில்லை. அதே பெயரைத் தாங்கிய ஒரு விளையாட்டுக் கழகம், உலகின் மற்றொரு மூலையில், ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்று பெயர் பெற்றது என்பது வியப்புக்குரிய செய்தியாகும். பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ நகரில் போர்த்துக்கீசியக் குடியேறிகள் தோற்றுவித்த அக்கழகத்தின் முதல் அரை நூற்றாண்டு வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குடியேறி வந்தோர் ஒரு கழகத்திற்கு அளித்த கொடை யாது? நிறவேற்றுமை வாயிலை மறித்து நின்றபோது அவர்கள் செய்தது என்ன? இவ்விரு வினாக்களையும் முன்வைத்து நாம் மேலே செல்வோம்.

கழகத்தின் தோற்றம்

பிரேசிலில் அடிமை முறை 1888 மே 13ஆம் நாள் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சட்டம் விலங்கை அகற்றியதே தவிர, நிலமோ கல்வியோ தொழிலோ வழங்கவில்லை. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் நகரின் துறைமுகத்திலும் தெருக்களிலும் கூலிகளாக வாழ்வைத் தொடங்கினர். அதே நகரில் போர்த்துக்கல்லிலிருந்து வந்த ஏழை மக்களும் திரளாகக் குடியேறியிருந்தனர். 1890ஆம் ஆண்டளவில் ரியோ நகர மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் போர்த்துக்கல்லில் பிறந்தோரே. மளிகைக் கடையிலும் அடுமனையிலும் கிடங்கிலும் உழைத்த இவர்களைப் பழைய ஆண்டான் நாட்டினர் என்று சிலர் வெறுத்தனர். படிப்பறிவற்ற கடைக்காரர் என்று வேறு சிலர் எள்ளி நகையாடினர். தோல் நிறத்தால் வெள்ளையராயினும் மேட்டுக்குடியினரின் மன்றங்களில் இவர்களுக்கு மதிப்பான இடம் இல்லை.

இந்நிலையில் 1898 ஆகஸ்டு 21ஆம் நாள், பெரும்பாலும் வணிக நிலையங்களில் பணியாற்றிய இளைஞர்கள் கூடி, படகு வலிக்கும் கழகம் ஒன்றைத் தொடங்கினர். இந்தியாவுக்குக் கடல்வழி கண்ட பயணத்தின் நானூறாம் ஆண்டு அது. ஆதலின் அம்மாலுமியின் பெயரையே கழகத்திற்குச் சூட்டினர். அந்நாளில் ரியோவின் முதன்மையான விளையாட்டு படகுப் போட்டியே. கால்பந்து அப்போதுதான் அரும்பிக்கொண்டிருந்தது.

1904இல் இக்கழகத்தின் தலைவராகக் கேண்டிடோ ஜோசே டி அராவுஜோ தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் கலப்பினத்தவர். அடிமை முறை ஒழிந்து பதினாறே ஆண்டுகள் கழிந்த அக்காலத்தில், வெள்ளையர் அல்லாத ஒருவரைத் தலைமை இருக்கையில் அமர்த்தியது அரிய செயலாகும். அவர் பொறுப்பிலிருந்த 1905ஆம் ஆண்டிலேயே கழகம் தன் முதல் படகுப் போட்டி வாகையைச் சூடியது. பின்னாளில் நிகழ்ந்த பெருஞ்செயலுக்கு இதனை வித்து எனக் கொள்ளலாம்.

கால்பந்தும் கனவான்களும்

கால்பந்து பிரேசிலுக்கு ஆங்கிலேயத் தொடர்பால் வந்தது. அதனைச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தமதாக்கிக்கொண்டனர். பணம் பெறாமல் பொழுதுபோக்காக ஆடுபவனே உண்மையான ஆட்டக்காரன் என்பது அவர்களின் கொள்கை. கேட்பதற்கு உயர்ந்த கொள்கைதான். ஆயின், நாள் முழுதும் உழைத்தால்தான் உணவு என்னும் நிலையில் உள்ளவன் ஊதியமின்றி எப்போது பயில்வான், எப்போது ஆடுவான்? எனவே கொள்கையின் பெயரால் ஏழையும், ஏழையோடு சேர்த்துக் கறுப்பினத்தவரும் தாமாகவே விலக்கப்பட்டனர். தாமும் ஆப்பிரிக்க வழியில் வந்தவரான நாவலாசிரியர் லிமா பரெட்டோ, கால்பந்தில் புகுந்த இவ்வேற்றுமையை 1920களின் தொடக்கத்தில் கடுமையாகச் சாடி எழுதினார் என்பது இலக்கிய மாணவர் அறியத்தக்கது.

எல்லாக் கழகங்களும் கறுப்பினத்தவரை முற்றிலும் ஒதுக்கின எனக் கூறுதல் பொருந்தாது. நெசவாலைத் தொழிலாளரைக் கொண்ட பாங்கு கழகத்தில் 1905ஆம் ஆண்டிலேயே கறுப்பின ஆட்டக்காரர் இடம்பெற்றிருந்தார். வாஸ்கோ கழகமோ 1915இல், போர்த்துக்கீசியரை மட்டுமே சேர்த்துவந்த லூசித்தானியா என்னும் கழகத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டு கால்பந்தில் கால் வைத்தது. 1916இல் மூன்றாம் பிரிவில் ஆடிய முதல் ஆட்டத்தில் 10க்கு 1 எனப் படுதோல்வி கண்டது. அத்தோல்வி நல்லாசிரியனாயிற்று. தம் இனத்தாரை மட்டும் நம்பினால் வெற்றி இல்லை என்பதை உணர்ந்த நிருவாகிகள், நகரின் புறப்பகுதித் திடல்களில் ஆடிய திறமையாளர்களைத் தேடினர். நிறத்தையும் குலத்தையும் வினவவில்லை.

1923ஆம் ஆண்டு வெற்றி

1922இல் இரண்டாம் பிரிவில் வென்ற வாஸ்கோ, 1923இல் முதற்பிரிவில் முதன்முறையாக ஆடியது. உருகுவே நாட்டுப் பயிற்சியாளர் ரமோன் பிளாட்டெரோ ஆட்டக்காரர்களை நாள்தோறும் ஓடச் செய்து உடலை உரமாக்கினார். மற்ற அணியினர் இரண்டாம் பாதியில் களைத்து நிற்க, வாஸ்கோ அணியினர் அப்போதுதான் விரைவு கொண்டனர். அணியில் யார் இருந்தனர்? இலக்குக் காவலர் நெல்சன் ட கொன்சேய்சான் வாடகைக் கார் ஓட்டுநர்; நிக்கோலினோ துறைமுகச் சுமைத் தொழிலாளி; செசி சுவருக்கு வண்ணம் பூசுபவர். கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் ஏழை வெள்ளையரும் ஒரே சட்டை அணிந்து ஆடினர். அச்சட்டையின் நிறத்தால் அவர்கள் 'கறுப்புச் சட்டையினர்' எனப்பட்டனர். 14 ஆட்டங்களில் 11 வெற்றி, 2 சமநிலை, 1 தோல்வி என்னும் கணக்கோடு வாஸ்கோ வாகை சூடியது.

இங்கே குடியேறியோரின் கொடை தெளிவாகப் புலப்படுகிறது. போர்த்துக்கீசிய வணிகர்கள் ஆட்டக்காரர்களைத் தம் கடைகளில் பணியாளராகப் பதிவு செய்தனர். பயிற்சிக்கு நேரம் ஒதுக்கினர். உண்ண உணவும் தங்க இடமும் அளித்தனர். வெற்றிக்குப் பின் பரிசுப் பணமும் தந்தனர். பணம் தருவது விதிக்கு மாறாதலின், விலங்குகளின் பெயரால் நடத்தப்பெற்ற ஒரு குலுக்கல் சூதாட்டத்தின் குழூஉக்குறி கையாளப்பட்டது. நாய் என்றால் ஐந்து, முயல் என்றால் பத்து, பசு என்றால் நூறு. வெற்றிப் பரிசுக்கு விலங்கு எனப் பொருள்படும் 'பிஷோ' என்னும் சொல் பிரேசில் கால்பந்தில் நிலைத்துவிட்டது.

விதியின் வடிவில் வந்த வேற்றுமை

இவ்வெற்றி பழைய கழகங்களின் உறக்கத்தைக் கெடுத்தது. 1924ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் புளுமினென்சே, பிளமெங்கோ, பொட்டபோகோ, அமெரிக்கா, பாங்கு ஆகிய ஐந்தும் பழைய கூட்டமைப்பைவிட்டு விலகி, 'அமேயா' என்னும் புதிய கூட்டமைப்பை நிறுவின. வாஸ்கோ சேர விரும்பினால் சில நிபந்தனைகளை ஏற்க வேண்டும் என்றனர். நிறுவியோர்க்குரிய சம உரிமை வாஸ்கோவுக்கு இல்லை. ஆட்டக்காரர்களின் தொழிலும் சமூக நிலையும் விசாரிக்கப்பட்டன. முடிவில், முதல் அணியிலும் இரண்டாம் அணியிலுமாக 12 ஆட்டக்காரர்களை நீக்கிவிட்டு வரலாம் எனக் கூறப்பட்டது.

இங்கு நாம் சற்று நின்று எண்ண வேண்டும். கறுப்பினத்தவர் ஆடலாகாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. கறுப்பின ஆட்டக்காரரை ஏற்றுப் பழகிய பாங்கு கழகமே புதிய அமைப்பின் நிறுவனர்களுள் ஒன்று. ஆதலின் இது நிறச்சிக்கலே அன்று, ஊதியம் பெறாத ஆட்டம் என்னும் கொள்கை பற்றிய சிக்கலே என வாதிடுவோரும் உளர். நீக்கொ ஆட்டக்காரர் பற்றிய கதைகள் பலவற்றை நமக்கு அளித்தது இதழாளர் மாரியோ பில்யோ 1947இல் வெளியிட்ட, பிரேசில் கால்பந்தில் கறுப்பினத்தவர் பற்றிய நூலாகும். அது செவிவழிச் செய்திகளை மிகுதியும் நம்பியது எனப் பிற்கால ஆய்வாளர் சிலர் கூறுவர். இக்கருத்துகளை நாம் புறந்தள்ளவில்லை. ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. எழுதத் தெரிய வேண்டும், மதிப்பான தொழில் வேண்டும் என்னும் விதி, பள்ளியும் தொழிலும் மறுக்கப்பட்ட மக்கள் நிறைந்த நாட்டில் யார்மீது போய் விழும் என்பதை விதி செய்தோர் அறியாதவரல்லர். நிறத்தைப் பெயர் சொல்லி விலக்கும் விதியைக் காட்டிலும், பெயர் சொல்லாமல் விலக்கும் விதியே எதிர்ப்பதற்கு அரிது.

ஏழாம் நாள் மடல்

வாஸ்கோ நிருவாகிகளின் முன் இரு வழிகள் இருந்தன. பன்னிருவரைக் கைவிட்டால், இதுவரை எள்ளப்பட்டுவந்த குடியேறிகளுக்கு மேன்மக்கள் மன்றத்தின் கதவு திறக்கும். கைவிடாவிட்டால் பெரிய கழகங்களோடு ஆடும் வாய்ப்பும் அதனால் வரும் வருவாயும் போகும். தாமே முழு ஏற்பைப் பெறாத மக்கள், தம்மினும் தாழ்த்தப்பட்டோரைத் தள்ளிவிட்டு ஒரு படி ஏறிக்கொள்வது உலக இயல்பு. அவர்கள் அவ்வியல்பின்வழிச் செல்லவில்லை.

1924 ஏப்ரல் 7ஆம் நாள் கழகத் தலைவர் ஜோசே அகஸ்டோ பிரஸ்டெஸ், அமேயாவின் தலைவர் அர்னால்டோ கின்லேவுக்கு மடல் ஒன்று விடுத்தார். தமக்கு அளிக்கப்பட்ட தாழ்ந்த நிலையை ஏற்க இயலாது என்றார். பன்னிருவரும் வாழ்வின் தொடக்கத்தில் நிற்கும் இளைஞர்கள் என்றும், கழகத்துக்கு வெற்றி தேடித் தந்தவர்களைப் பலியிட்டுப் பெறும் இடம் தமக்கு இழுக்கு என்றும், அவர்களுக்குக் களங்கம் விளைக்கும் செயலுக்கு அவர்களை வரவேற்ற இல்லம் ஒருபோதும் துணைபோகாது என்றும் விளக்கினார். அமேயாவில் சேரும் எண்ணத்தைக் கைவிடுவதாக அறிவித்து மடலை முடித்தார். 'வரலாற்று மறுமொழி' எனப் பின்னாளில் பெயர்பெற்ற அம்மடலில் நிறம் என்னும் சொல் இல்லை. ஆனால் நிறத்தால் இழிவுற்றோரின் மானம் அதில் காக்கப்பட்டது.

வாஸ்கோ பழைய கூட்டமைப்பிலேயே தங்கி 1924இலும் வாகை சூடியது. மக்கள் கூட்டம் அதன் பின்னே சென்றது. 1925இல் அமேயா வாஸ்கோவைச் சேர்த்துக்கொண்டது. கழகம் தன் ஆட்டக்காரர்களுடனேயே உள்ளே சென்றது.

மக்கள் கொடையால் எழுந்த அரங்கம்

தகுந்த ஆடுகளம் இல்லை என்னும் பழியும் வாஸ்கோமீது இருந்தது. அதற்கும் குடியேறியோர் விடை கண்டனர். பதினாயிரம் உறுப்பினரைச் சேர்க்கும் இயக்கம் நடைபெற்றது. கடை முதலாளியும் கடைச் சிற்றாளும் தத்தம் வலிமைக்கேற்பக் கொடுத்தனர். 1926 ஜூனில் அடிக்கல் நாட்டப்பெற்ற சாவோ ஜனுவாரியோ அரங்கம் 1927 ஏப்ரல் 21இல் திறக்கப்பட்டது. தொடக்க ஆட்டத்தில் சாந்தோஸ் அணி 5க்கு 3 என வென்றது. ஆயினும் அன்றைய வெற்றி அரங்கத்தைக் கட்டியவர்களுடையதே எனலாம். 1940இல் சாவோ பவுலோ நகரில் பக்கயெம்பு அரங்கம் எழும்வரை பிரேசிலின் மிகப்பெரிய அரங்கம் இதுவே. ஹெய்ட்டோர் வில்லா லோபோஸ் பள்ளிப் பிள்ளைகளின் பெரும் பாடற்குழுக்களை இங்கு நடத்தினார். 1940 மே முதல் நாள் தொழிலாளர்க்குரிய குறைந்த அளவு ஊதியச் சட்டத்தை அதிபர் வர்காஸ் அறிவித்ததும் இவ்வரங்கிலேதான். தொழிலாளி என்பதற்காக ஆட்டக்காரன் விலக்கப்பட்ட நகரில், தொழிலாளிக்குரிய உரிமை அவன் கழகத்தின் திடலில் முழங்கியது.

பணம் பெறும் ஆட்டமுறை 1933இல் ஏற்கப்பட்டது. அதன்பின் பழைய வேலிகள் தளர்ந்தன. பாஸ்டோ, டொமிங்கோஸ், லியோனிடாஸ் முதலிய கறுப்பினப் பெருவீரர்கள் வாஸ்கோவின் சட்டையை அணிந்து ஆடினர்.

முற்றுப்பெறாத கணக்கு

ஒரு மடலால் வேற்றுமை மறைந்துவிட்டது எனக் கருதினால் நாம் பிழை செய்தவராவோம். மோவாசிர் பார்போசா வாஸ்கோவின் கறுப்பின இலக்குக் காவலர். 1948இல் சாந்தியாகோவில் தென் அமெரிக்க வாகையர் போட்டியில் வென்ற அணியின் அரண் அவரே. 1950 ஜூலை 16இல் மரக்கானா அரங்கில் உருகுவேயிடம் பிரேசில் 2க்கு 1 எனத் தோற்றது. பதினொருவர் ஆடிய ஆட்டத்தின் பழி அவர்மீதும் வேறிரு கறுப்பின ஆட்டக்காரர்மீதுமே சுமத்தப்பட்டது. அப்பழியைச் சுமந்தவராகவே அரை நூற்றாண்டு வாழ்ந்து, 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அவர் மறைந்தார். மடல் எழுதப்பட்ட அதே நாள்! வெற்றியில் தோள்மேல் தூக்கும் சமூகம், தோல்வியில் நிறத்தைத் தேடுகிறது. சமத்துவத்தின் உண்மையான உரைகல் தோல்வி நாளே என்பது இதனால் பெறப்படும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில கருத்துகள் தெளிவாகின்றன. குடியேறியோர் வாஸ்கோ கழகத்திற்கு உழைப்பும் பொருளும் அரங்கமும் அளித்தனர். அவற்றினும் உயர்ந்தது, தம்மோடு ஆடியவரைக் கைவிட மறுத்த உறுதியாகும். வெல்ல வேண்டும் என்னும் ஆசையும் அவர்களுக்கு இருந்தது. வணிகரின் கணக்கும் இருந்தது. அவர்கள் முனிவர்கள் அல்லர். ஆயினும் விலை கேட்கப்பட்ட நாளில் விலைபோகவில்லை.

அம்மடலுக்கு 2024இல் நூறாண்டு நிறைந்தது. நாம் அங்கம் வகிக்கும் சங்கங்களிலும் மன்றங்களிலும், பெயர் சொல்லாமல் சிலரை வாயிலில் நிறுத்தும் விதிகள் உள்ளனவா என ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நம் கடமையாகும். நம்மை உள்ளே அழைப்பவர் பிறரை வெளியே விட்டு வருமாறு கூறும்போது, நாம் எம்மடலை எழுதுவோம் என்பதே இவ்வரலாறு நம்மிடம் கேட்கும் வினா.