பத்திரம் போதும், பதிவு எதற்கு?

கேள்வி: நானும் என் நண்பரும் திருப்பூரில் தையல் யூனிட் தொடங்குகிறோம். கூட்டு ஒப்பந்தம் எழுதிவிட்டோம். அதைப் பதிவு செய்தே ஆகவேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. ஆனால், 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தில் 69-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பதிவாகாத நிறுவனம், ஒப்பந்தப்படி வரவேண்டிய பணத்தைக் கேட்டு வெளியாள் மீது வழக்குப் போட முடியாது. உங்கள் மீது மற்றவர் தாராளமாகப் போடலாம்! ஜாப் ஒர்க் கூலியை இழுத்தடிப்பவருக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும். சில சிறு வழக்குகளுக்கு விலக்கு உண்டுதான்; உச்சவரம்பு 100 ரூபாய். பஸ் செலவுக்கே காணாது.

கூட்டாளிகளுக்குள் தகராறு வந்தாலும் அநேகமாக இதே கதிதான். நிறுவனத்தைக் கலைக்கவும் கணக்குக் கேட்கவும் மட்டும் வழியுண்டு. வழக்குப் போட்ட பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் அந்த வழக்கு பிழைக்காது. முன்பே பதிவாகியிருக்க வேண்டும்.

பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பியுங்கள். எல்லாக் கூட்டாளிகளும் கையெழுத்திட வேண்டும். குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் சான்றிதழ் இதற்கு ஈடாகாது. அது தனி; இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.