ஓர் ஊரணியை ஓராண்டு பார்

அன்புள்ள வள்ளியம்மைக்கு,

பெரியப்பா எழுதுவது. 

சட்டைப்பையில் அடங்கும் நுண்ணோக்கி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதாமே, அதை வாங்கலாமா, இல்லை அது வெறும் விளையாட்டுச் சாமானா என்று கேட்டிருந்தாய். வாங்கு என்பதே என் பதில். ஆனால் வாங்கிய வாரம் முழுக்க வெங்காயத் தோல், தலைமுடி, சர்க்கரை என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் அலமாரியில் போட்டுவிடுவதாக இருந்தால் அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள். நீ இருப்பது பொன்னமராவதியில். அமரகண்டான் ஊரணி இருக்கிறது. ஊரைச் சுற்றிக் கண்மாயும் வயலும் இருக்கின்றன. அவற்றில் ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு ஓராண்டு விடாமல் பார்ப்பாய் என்றால், பூட்டிய ஆய்வகத்தில் இருக்கும் லட்ச ரூபாய்க் கருவி தராத அறிவை இந்த மலிவுக் கருவி உனக்குத் தரும். இதன் பலமே இதன் மலிவுதான் என்பது என் கட்சி. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன். ஒப்புக்கொள்ள முடிகிறதா என்று நீயே பார்.

இந்த வகைக் கருவிகளில் பேர்பெற்றது ஃபோல்ட்ஸ்கோப். மீரட்டில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த மனு பிரகாஷும் அவருடைய ஆய்வு மாணவர் ஜிம் சிபுல்ஸ்கியும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது அது. 2014-இல் அதன் வடிவமைப்பை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டபோது, பாகங்களுக்கு ஆகும் செலவு ஒரு டாலருக்கும் குறைவு என்று கணக்குக் காட்டினார்கள். மடித்துச் செய்த தாள்தான் உடல். நடுவே வில்லையாக மிளகைவிடச் சிறிய ஒரு கண்ணாடிக் குண்டு. பரவலாகக் கிடைக்கும் வடிவம் ஒரு பொருளை 140 மடங்கு பெரிதாக்கும். இரண்டு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கு இடைவெளியுள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையே இதைப் பள்ளி, கல்லூரிகளுக்குக் கொண்டுசெல்லத் திட்டம் வகுத்து நிதி தந்திருக்கிறது. தண்ணீரில் விழுந்தாலும், கைதவறிக் கீழே போட்டாலும் பெரிதாக நஷ்டம் இல்லை. ஆகவே ஊரணிக் கரைக்கே எடுத்துப் போகலாம்.

தாளில் செய்ததை வைத்துக்கொண்டு அறிவியலா என்று கேட்பவர்களுக்கு வரலாறே பதில் வைத்திருக்கிறது. நுண்ணுயிர்களை முதன்முதலில் கண்டு எழுதியவர் ஆண்டன் வான் லூவன்ஹாக். ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்தவர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, அறிஞர்களின் மொழியான லத்தீனும் தெரியாது. அவர் கையாலேயே செய்த கருவிகளும் ஒற்றை வில்லை வைத்தவைதான்; ஃபோல்ட்ஸ்கோப்பின் தத்துவமும் அதுவே. மிளகுக்கு அந்தக் காரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய மிளகைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தவர், காரத்தின் காரணத்தைக் காணவில்லை. அந்தத் தண்ணீரில் நீந்திய எண்ணற்ற சிற்றுயிர்களைக் கண்டார். 1676-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதை எழுதியபோது நம்புவார் இல்லை. மறு ஆண்டு அந்த அறிஞர் சங்கத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹூக் அதே போலச் செய்து பார்த்து உண்மைதான் என்று உறுதி சொன்னார். ஹூக்கும் மற்றவர்களும் அப்போது கூட்டு வில்லை நுண்ணோக்கிகளை அறியாதவர்கள் அல்லர். ஆனால் மழைநீர், குளத்து நீர், பல்லிடுக்கு அழுக்கு என்று கைக்கு எட்டிய ஒவ்வொன்றையும் ஐம்பது ஆண்டுகள் அலுக்காமல் பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதியவர் லூவன்ஹாக். பேர் அவருக்கு நின்றதும் அதனால்தான்.

அது ஹாலந்துக் கதை. நம் ஊரணிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பாய். நரம்புச்சிலந்தி என்றொரு நோய் இருந்தது. ஊரணியிலும் படிக்கிணற்றிலும் இறங்கித் தண்ணீர் எடுத்துக் குடித்த ஊர்களில் அது வரும். குடித்து ஏறக்குறைய ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளம் எழும்பி, அதிலிருந்து மீட்டர் நீளத்துக்கு ஒரு புழு மெல்ல மெல்ல வெளியே வரும். எரிச்சல் தாளாமல் அந்தக் காலோடு தண்ணீரில் இறங்கினால் புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விட்டுவிடும். தமிழ்நாடும் இந்நோய் கண்ட மாநிலங்களில் ஒன்று. இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. 1870-இல் அலெக்சி ஃபெட்சென்கோ என்ற ரஷ்ய அறிஞர், சைக்ளாப்ஸ் என்ற நீர்ச்சிற்றுயிரின் உடலுக்குள் அந்தக் குஞ்சுகள் புகுவதை நுண்ணோக்கியில் கண்டார். தண்ணீரோடு குடிப்பவர் உடலுக்குள் போகும் இந்த சைக்ளாப்ஸ் ஒரு மில்லிமீட்டர் அளவு இருக்கும். ஆகவே நெருக்கமாக நெய்த துணியில் வடிகட்டினால் நின்றுவிடும். வடிகட்டிக் குடித்தல், படிக்கிணறுகளை மூடுதல், நோயாளியைத் தண்ணீரில் இறங்கவிடாமல் காத்தல் ஆகியவற்றைக் கொண்டே இந்தியா இந்நோயை ஒழித்தது. கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. நோய் எந்த உயிர் வழியாக வருகிறது என்று ஒருவர் உற்றுப் பார்த்ததால், ஒரு முழத் துணியே மருந்தானது.

நோய் போய்விட்டது, சைக்ளாப்ஸ் இன்றும் நம் நீர்நிலைகளில் இருக்கிறது. அதையே உன் முதல் பாடமாக வை. கரையோரச் செடிகளை ஒட்டி எடுத்த தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தால், வெள்ளைப் புள்ளிகள் வெட்டி வெட்டித் துள்ளும். ஸ்லைடில் பஞ்சின் இழை இரண்டு மூன்றைப் பரப்பி, அதன்மேல் ஒரு சொட்டு விட்டு மூடு. இழைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட உயிர் ஓடாது, நசுங்கவும் செய்யாது. 140 மடங்கில் முழு உடலும் ஒரே பார்வைக்குள் அடங்காமல் போகலாம்; ஸ்லைடை நகர்த்தித் தலையிலிருந்து வால்வரை படிக்க வேண்டும். நெற்றி நடுவில் ஒற்றைச் சிவப்புக் கண், அசைந்துகொண்டே இருக்கும் குடல், பெண்ணானால் வாலின் இரு பக்கமும் தொங்கும் முட்டைப் பைகள். தாய்க்குச் சற்றும் ஒப்பில்லாமல் நீள்வட்ட உடலும் மூன்று இணை கால்களுமாக நீந்தும் குஞ்சையும் அதே சொட்டில் காணலாம். அது வேறு உயிர் என்று முதலில் நினைப்பாய். பல வாரம் தொடர்ந்து பார்த்தால்தான் ஒன்று மற்றொன்றாக வளர்வது புரியும். ஒரு நாள் பார்வை இதைச் சொல்லாது என்பதால்தான் ஓராண்டு என்கிறேன்.

மறுப்புகளுக்கு வருவோம். பள்ளி ஆய்வகத்து நுண்ணோக்கியில் இதைவிடத் தெளிவாகத் தெரியுமே என்பது முதலாவது. தெரியும்தான். ஆனால் அதைத் தொட ஒரு பாடவேளை வேண்டும், சாவி வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். உன் முறை வரும்போது அரை நிமிடம் கிடைக்கும். மழை பெய்த மறுநாள் காலை ஊரணியில் என்ன மாறியது என்பதை அந்தக் கருவி பார்க்கப் போவதில்லை. யூடியூபில் இதைவிட அழகான படங்கள் இருக்கின்றனவே என்பது இரண்டாவது. அவை யாரோ எங்கோ தேர்ந்தெடுத்துக் காட்டியவை. அவற்றைக் கேள்வி கேட்க முடியாது. இன்னொரு சொட்டு எடுத்துச் சோதிக்கவும் முடியாது. பரீட்சைக்கு இது உதவுமா, நீட் தேர்வில் மதிப்பெண் வருமா என்பது மூன்றாவது. வரும் என்று உனக்குப் பொய்யாக ஆசை காட்ட மாட்டேன். படிப்பு நேரத்தைக் கெடுக்காமல் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கு, போதும். சொன்னதை ஏற்பதற்கு முன் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கும் பழக்கம் அந்த ஒரு மணி நேரத்தில் வரும். நீ மருத்துவராகப் போனாலும் விவசாயம் செய்தாலும் அது ஆயுளுக்கும் உதவும்.

நான்காவது மறுப்புதான் கனமானது; அதை நானே எழுப்புகிறேன். அரைகுறையாகப் பார்ப்பது அரைகுறை முடிவுக்குக் கொண்டுபோகும். இந்தக் கருவியில் தண்ணீர் சுத்தமாகத் தெரிந்தால் அது குடிக்கத் தக்கது என்று பொருளில்லை. டைஃபாய்டு, காலரா பரப்பும் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய ஒரு மைக்ரான் அகலமே உள்ளவை. அவற்றை இதில் இனம்காண முடியாது. சைக்ளாப்ஸைத் தடுக்கும் துணி அவற்றைத் தடுக்காது. தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். அதேபோல, கண்மாயில் பச்சையாக நெளிவதையெல்லாம் விஷம் என்று ஊரைக் கலக்குவதும் தவறு. இன்னது தெரிந்தது என்று எழுது. இன்னதாக இருக்கலாம் என்பதைத் தனியாக எழுது. இரண்டையும் கலக்காத வரை மலிவுக் கருவியால் கெடுதல் இல்லை. கலந்துவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் காப்பாற்றாது.

எல்லாம்தான் ஏற்கெனவே கண்டுபிடித்தாகிவிட்டதே என்றும் சிலர் சொல்வார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எம்.ஓ.பி. ஐயங்காரை இந்தியப் பாசியியலின் தந்தை என்பார்கள். 1932-இல் அவர் உலகுக்கு விவரித்த ஃப்ரிட்ஷியெல்லா என்ற பாசி ஈரமண்ணில் வளர்வது. மண்ணுக்குள் வேர்போல் இழை, மண்ணுக்கு மேலே நிமிர்ந்த இழை. நிலத்துத் தாவரங்கள் எப்படித் தோன்றியிருக்கலாம் என்ற விவாதத்தில் அதற்கு இன்றும் இடமுண்டு. ஊரார் மிதித்து நடந்த சேற்றில் இருந்தது அது. அவர் மாணவர் டி.வி. தேசிகாச்சாரி 1959-இல் எழுதிய சயனோஃபைட்டா என்ற நூல் நீலப்பச்சைப் பாசிகளுக்கு இன்றும் ஆதார நூல். அவர்களிடம் நல்ல ஆய்வகக் கருவிகள் இருந்தன; 140 மடங்கில் நீ புது இனம் நிறுவிவிட முடியாது. ஆனால் எந்தச் சேற்றில், எந்த மாதத்தில், எது தோன்றி எப்போது மறைகிறது என்பதை அருகிலேயே இருப்பவர்தான் சொல்ல முடியும். மாட்டுத் தீவனத்துக்கு அசோலா வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் ஓர் இலை கேட்டு வாங்கி, ஒரு சொட்டு நீரில் நன்றாக நசுக்கிப் பார். மணி கோத்ததுபோல் நீலப்பச்சைச் சரங்கள் வெளியே வரும். இடையிடையே சற்றுப் பெரிதாக, வெளிறிய மணிகள். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உரமாக்கும் அறைகள் அவை. நெல் வயலின் மண்ணுக்கு இத்தகைய பாசிகள் நைட்ரஜன் சேர்க்கின்றன என்று பி.கே. டே 1939-இல் காட்டினார். யூரியா மூட்டை செய்யும் வேலையை இந்தப் பாசி சத்தமில்லாமல் செய்கிறது என்பதை, பார்த்த பிறகு நீ மறக்க மாட்டாய்.

செய்முறை எளிது. ஒரே படித்துறை, வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம். தனியாகத் தண்ணீரில் இறங்காதே. கயிறு கட்டிய செம்பில் கரையில் நின்றே எடு. சூரியனை நோக்கிக் கருவியைப் பிடிக்காதே, கண் போய்விடும். வெளிச்சமான வானமோ டார்ச்சோ போதும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவு. கைபேசியில் படம் எடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பென்சிலால் வரைந்தும் வை. வரையும்போதுதான் கால் எத்தனை என்று எண்ணுவோம். லூவன்ஹாக்குக்கு நன்றாக வரைய வராது. ஓவியர் ஒருவரை அமர்த்தி வரையச் செய்தார். உனக்கு வரைய வராவிட்டால் உன் தம்பியைச் சேர்த்துக்கொள். தேதி, மழை பெய்ததா, தண்ணீர் எந்தப் படிவரை இருந்தது, என்ன தெரிந்தது, ஒன்றும் தெரியாவிட்டால் ஒன்றும் தெரியவில்லை என்பது, எல்லாம் நோட்டில் இருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வலுக்கும், ஊரணி நிறையும். அதற்கு முன், தண்ணீர் வற்றிக் கிடக்கும் இப்போதே தொடங்கினால்தான் நிறைந்த பின் வரும் மாற்றம் தெரியும். கருவிக்கான பணத்தை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நோட்டை மட்டும் உன் காசில் வாங்கு. முதல் மாதப் பக்கங்களை எனக்கு அனுப்பு. சந்தேகங்களையும் கூடவே எழுது.

அன்புடன்,
பெரியப்பா